காற்புள்ளியின் இரண்டு நொடிகள்: புனேயும் டயல்-அப் இணையமும்

புனே மாவட்டத்து ஆர்வியில் 1971-இல் செயற்கைக்கோள் தரைநிலையம் ஒன்று செயல்படத் தொடங்கியது. கடல்கடந்த தொலைபேசி அழைப்புகளை விண்வழியே கொண்டுசென்ற நிலையம் அது. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின், புனே நகரத்து மாணவர் ஒருவர் தம் ஊரிலேயே இருந்த இணைய முனையத்தை எட்டப் பலமுறை முயல வேண்டியிருந்தது.

விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. பெங்களூரும் புனேயும் அடுத்துச் சேர்ந்தன. முனையத்தில் இருந்த ஒவ்வொரு மோடமும் ஒரு நேரத்தில் ஒருவருக்கே இணைப்புத் தரும். சந்தாதாரர்கள் பலர், மோடம்கள் சில. எஞ்சியோருக்குக் கிடைத்தது எங்கேஜ்டு ஒலி.

அந்த ஒலியை மனிதச் செவி உடனே அறியும். மோடத்துக்கோ அதைக் கற்பிக்க வேண்டும். 1981-இல் அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்மார்ட்மோடம், ‘ஏடி’ என்று தொடங்கும் கட்டளைத் தொகுதி ஒன்றை அறிமுகப்படுத்தியது. பிற நிறுவனங்களும் அதையே பின்பற்றின. அதில் காற்புள்ளிக்குத் தனிப் பொருள் உண்டு: டயல் செய்வதை இரண்டு நொடி நிறுத்து. அலுவலகத் தொலைபேசியில் வெளி இணைப்புப் பெற 0 சுழற்ற வேண்டுமெனில், அதை அடுத்து ஒரு காற்புள்ளி இட்டே எண்ணை எழுதினர். அது இல்லையேல் வெளி இணைப்பு கிடைக்கும் முன்பே இலக்கங்கள் விரைந்து சென்று வீணாகும். தமிழ்ப் பள்ளி இலக்கணம் காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை ஓய்வு தருகிறது. மோடத்தின் இலக்கணம் இரண்டு நொடி தந்தது. தேவைப்பட்டால் ‘எஸ்8’ என்னும் பதிவகத்தில் அக்கால அளவை மாற்றலாம்.

ஒலியிலும் சிக்கல் இருந்தது. அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் அலைகளின் கூட்டு. இந்திய டயல் டோன் 400 ஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொண்டது. அமெரிக்க ஒலிக்குப் பழக்கப்பட்ட மோடம், உயிருள்ள இந்தியத் தொலைபேசி இணைப்பிலும் டயல் டோன் இல்லை என்று அறிவிக்கக்கூடும். ‘எக்ஸ்3’ என்னும் கட்டளை இதற்குத் தீர்வாயிற்று: டயல் டோனை எதிர்பாராமல் சில நொடி பொறுத்துவிட்டு எண்ணைச் சுழற்று. எங்கேஜ்டு ஒலியும் நாட்டுக்கு நாடு வேறு. அதை அறியத் தவறிய மோடம், ‘எஸ்7’ பதிவகம் குறித்த நேரம் முடியும் வரை மறுமுனை மோடத்தின் குரலுக்காகக் காத்திருக்கும். அவ்வாறு ஒரு வீண் முயற்சியிலேயே ஒரு நிமிடம் வரை கழியும்.

தானியங்கி மறு டயல் இத்துன்பத்துக்கு மருந்தாக வந்தது. எத்தனை முறை முயல்வது, இடையே எவ்வளவு பொறுப்பது என்பதைப் பயனர் மென்பொருளில் குறித்துவிட்டால் போதும். எங்கேஜ்டாகிப் போன அழைப்புக்குக் கட்டணம் இல்லை. ஆகவே இடைவெளியைக் குறைப்பதே ஒவ்வொருவருக்கும் ஆதாயம். ஆனால் தோல்வியுறும் அழைப்புக்கும் தொலைபேசி நிலையம் இலக்கங்களைப் பெற்று வழிதேடியாக வேண்டும். எல்லோரும் விரைந்து முயன்றால் நெரிசல் பெருகும்; நெரிசல் பெருகினால் முயற்சிகள் மேலும் பெருகும். இணையத்தோடு தொடர்பில்லாத அண்டை வீட்டாரின் அழைப்பும் அதில் சிக்கக்கூடும். இதனால்தான் பல நாடுகளின் தொலைத்தொடர்பு விதிகள் மறு டயலுக்கு வரம்பு விதித்தன. அவ்விதிகளின்படி அமைந்த மோடம், அடுத்தடுத்துத் தோற்ற எண்ணைச் சிறிது நேரம் அழைக்க மறுத்துவிடும்.

இதே சிக்கலுக்கு ஈதர்நெட் வேறொரு விடை கண்டிருந்தது. 1976-இல் மெட்காஃபும் பாக்ஸும் வெளியிட்ட கட்டுரை அதை விளக்குகிறது: செய்திகள் மோதினால் ஒவ்வொரு கணினியும் தற்செயலான கால அளவு பொறுக்க வேண்டும், மீண்டும் மோதினால் அக்காத்திருப்பின் எல்லை பெருக வேண்டும். பொது வழி அடைபடும்போது ஒவ்வொருவரும் சற்றே பின்வாங்கினால்தான் அனைவருக்கும் வழி திறக்கும் என்பதே அதன் சாரம்.

இன்று மோடத்தின் ஒலி மறைந்துவிட்டது. தேர்வு முடிவு வெளியாகும் காலையிலும் தட்கல் முன்பதிவு திறக்கும் நொடியிலும் அதே மறு டயல் விரல்நுனியில் தொடர்கிறது. பொறுமையைத் தனிமனிதரின் நற்குணமாக மட்டும் பேசுவது வழக்கம். பலர் பகிரும் ஒரு கம்பியில் அது கட்டமைப்பின் ஓர் உறுப்பாகவும் இருந்தாக வேண்டும் என்பதை டயல்-அப் காலம் காட்டிச் சென்றிருக்கிறது.