முற்றத்துக்கு மேலிருக்கும் வானம்

மதுரையின் பழைய வீடுகள் தெருவுக்கு மூடியும் வானத்துக்குத் திறந்தும் கட்டப்பட்டவை. மாசி வீதிகளுக்கும் ஆவணி மூல வீதிகளுக்கும் நடுவே ஓடும் சந்துகளில் இரு பக்கமும் அடுத்த வீட்டை ஒட்டிய சுவர்தான். ஜன்னல் வைக்க இடமிருக்காது. வெளிச்சமும் காற்றும் மழையும் நடு முற்றத்தின் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். தெருவில் போகிறவருக்குத் திண்ணை வரைதான் அனுமதி. வீட்டுப் பெண்களின் புழக்கமெல்லாம் முற்றத்தைச் சுற்றியே இருந்தது, மேலிருந்து பார்க்க ஆளில்லை என்ற தைரியத்தில். பிறகு முற்றங்கள் மூடப்பட்டு மச்சு வீடுகள் எழுந்தன. அப்போது அந்தத் தைரியம் மொட்டைமாடிக்கு ஏறியது. வற்றல் காய்வதும் துணி உலர்வதும் சித்திரை வெயிலின் இரவுகளில் குடும்பமே பாய் விரித்துப் படுப்பதும் அங்கேதான். இன்று யாரோ ஒருவர் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடும் ட்ரோன் அதே மாடிக்கு மேலே வந்து நிற்கும்போது வீட்டுக்காரருக்குக் கோபம் வருகிறது. ஆனால் எந்தச் சட்டத்தைக் காட்டி அதைத் தடுப்பது என்று அவருக்குத் தெரிவதில்லை. புதிய கருவி என்பதால் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை என்று பலரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. இந்த வழக்கில் மதுரை வீட்டுக்காரர் தோற்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

அப்போது தகராறு ட்ரோனைப் பற்றியதல்ல, ஜன்னலைப் பற்றியது. பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக ஒரு ஜன்னல் திறக்கிறார். அதன் வழியே நம் வீட்டின் உட்புறம் தெரிகிறது. தடுக்க முடியுமா? வட இந்தியாவிலும் குஜராத்திலும் முடியும் என்றார்கள் நீதிபதிகள். 1888-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம், பெண்கள் பர்தாவில் இருக்கும் வழக்கத்தை அடிப்படையாகக் கொண்டு, வீட்டின் அந்தரங்கத்தைக் காக்கும் வழக்காற்று உரிமையை ஏற்றது. 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் (வசதியுரிமை) சட்டமே அதன் 18-ஆம் பிரிவில் இப்படியொரு ஜன்னலைத்தான் உதாரணமாகக் காட்டுகிறது: ஊர் வழக்கம் அப்படி இருந்தால், அண்டை வீட்டின் மறைவான பகுதிகளைப் பார்க்கும்படி புது ஜன்னல் திறக்கக் கூடாது. அந்தச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த மாகாணங்களில் சென்னையும் ஒன்று. ஆனால் மதுரை ஜில்லாவையும் உள்ளடக்கிய சென்னை மாகாணத்தின் உயர் நீதிமன்றம் 1866-லேயே வேறு வழியில் போயிருந்தது. தன் சுவரில் ஜன்னல் திறப்பது குற்றமல்ல. பார்வை உறுத்தினால் உன் நிலத்தில் நீ சுவர் எழுப்பிக்கொள் என்பதே அதன் நிலை. 1890-களிலும் அது அங்கிருந்து நகரவில்லை. இங்கே பர்தா பொது வழக்கமல்ல என்பதைப் பார்த்தால் தீர்ப்பைப் புரிந்துகொள்ள முடிகிறது. பர்தா இல்லாத ஊரில் மறைவே வேண்டாம் என்று முடிவுகட்டியதைத்தான் ஏற்க முடியவில்லை. முற்றம் வைத்துக் கட்டிய கொத்தனாருக்கு இருந்த விவரம் நீதிபதிகளுக்கு இல்லை.

இதே ஊரில் வானத்துக்குக் காவல் இல்லாமலும் இல்லை. மீனாட்சி கோயிலிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் எந்தக் கட்டடமும் 9 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்கிறது 1997-ஆம் ஆண்டின் அரசாணை. மீறல்கள் தொடர்பாக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குகளும் நடந்திருக்கின்றன. கோயிலுக்கு மேலே போலீஸ் அனுமதியில்லாமல் ட்ரோன் விட முடியாது. விமான நிலையத்துக்கு இன்னும் பெரிய வேலி உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி அதன் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் முன் அனுமதியில்லாமல் பறக்க முடியாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்குக் கீழே தடையில்லை. அதற்கப்பால் 400 அடி வரை போகலாம். மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரமே ஏறத்தாழ 170 அடிதான். திருவிழாவோ தலைவர் வருகையோ என்றால் காவல் கண்காணிப்பாளர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி 96 மணி நேரம் வரை ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக்கி ட்ரோனைத் தடுக்கலாம். தெய்வத்துக்கும் விமானத்துக்கும் மந்திரிக்கும் வானம் உண்டு. கீழே இருக்கும் வீட்டுக்காரரின் சம்மதத்தை இந்த விதிகள் எங்கும் கேட்கவில்லை. 250 கிராம் வரையுள்ள ட்ரோனுக்கும், வணிக நோக்கமில்லாமல் 2 கிலோ வரையுள்ளதைப் பறக்கவிடுகிறவருக்கும் பைலட் உரிமமே தேவையில்லை. ஆத்திரத்தில் கல்லெறிந்து வீழ்த்தினால் சொத்துச் சேத வழக்கு வீட்டுக்காரர் மீதுதான் பாயும்.

ட்ரோன் ஆர்வலர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. பட்டா நிலத்துக்குத்தான், வானத்துக்கு இல்லை என்கிறார்கள்; சரிதான். 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டம், நியாயமான உயரத்தில் பறக்கும் விமானத்தின் மீது அத்துமீறல் வழக்குப் போடுவதையே தடுத்தது. (2025 ஜனவரி முதல் அதன் இடத்தில் பாரதிய வாயுயான் அதினியம்.) அந்தத் தடை இல்லாவிட்டால் ஒவ்வொரு வயல்காரரும் விமானத்தை நிறுத்தியிருப்பார். ஆனால் 'நியாயமான உயரம்' என்பதைக் கவனிக்க வேண்டும். மாடிக்கு முப்பது அடி மேலே அசையாமல் நிற்பது எந்தக் கணக்கில் நியாயம்? அமெரிக்காவில் கோழிப்பண்ணைக்கு மேலே 83 அடியில் ராணுவ விமானங்கள் பறந்து, மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. நிலத்தை ஒட்டிய வானம், நிலத்துக்காரர் பயன்படுத்தக்கூடிய அளவுக்கு அவருக்கே உரியது என்று 1946-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் மாளிகையை விமானத்திலிருந்து படம்பிடித்த நிறுவனம் 1977-ல் வழக்கில் வென்றது. அந்த நீதிபதியும், ஒருவரின் வீட்டை ஓயாமல் மேலிருந்து வேவு பார்த்தால் விஷயம் வேறு என்று சொல்லியே முடித்தார்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் மதுரை மாவட்டத்தின் மேலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. 2012-ல் கிரானைட் முறைகேடு வெடித்தபோது, சென்னை எம்.ஐ.டி. குழுவின் 'தக்ஷா' என்ற ஆளில்லா விமானம் குவாரிகளைப் படம்பிடிக்கப் பயன்பட்டது. கண்மாயும் குன்றும் எவ்வளவு தோண்டப்பட்டிருந்தன என்பதைக் கேட்டுக்கு வெளியே நின்று கண்டுபிடிக்க முடியாது. சொத்துக்காரரின் சம்மதமில்லாமல் பறக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்திருந்தால், அதை முதலில் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் குவாரி முதலாளிகள்தான், மாடியில் வற்றல் போடுகிறவரல்ல. ஆகவே நிலத்தின் உரிமையை வானம்வரை நீட்டக் கேட்பது தவறான கோரிக்கை. காக்க வேண்டியது சொத்தை அல்ல, குடியிருப்பை. குவாரி ஒரு வீடல்ல. பொதுச் சொத்து சூறையாடப்படுவதை அளக்க மாவட்ட நிர்வாகத்தின் உத்தரவோடு பறப்பதும், விடுமுறை நாளில் யாரோ ஒருவர் அடுத்த தெரு மாடியைச் சுற்றி வருவதும் ஒன்றல்ல.

2017-ல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. அது பெரும்பாலும் அரசைக் கட்டுப்படுத்தும் உரிமை. பக்கத்துத் தெரு ட்ரோன்காரரிடம் காட்ட வசதியானதல்ல. மறைந்திருந்து பெண்களைப் பார்ப்பதற்கும் படமெடுப்பதற்கும் தண்டனைச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது, ஆனால் அது மோசமான சில செயல்களை மட்டுமே பிடிக்கும். இடையில் கிடக்கும் அன்றாடத் தொல்லைக்கு 1866-ன் பதில்தான் மிச்சம்: சுவர் எழுப்பிக்கொள். அந்தத் தீர்ப்பு நின்றதே, பாதிக்கப்பட்டவர் கையில் ஒரு மாற்று இருக்கிறது என்ற காரணத்தில்தான். ஜன்னலை மறைக்கச் சுவர் எழுப்பலாம். ட்ரோனை மறைக்க மாடியையே மூட வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலோ 9 மீட்டரைத் தாண்டி ஒரு தகரக் கூரை போடவும் விதி விடாது. காரணம் செத்த பிறகு தீர்ப்பு மட்டும் உயிரோடு இருப்பது முறையல்ல. குடியிருப்புக் கட்டடத்தின் உச்சியிலிருந்து குறிப்பிட்ட உயரத்துக்குள், அங்கே குடியிருப்பவரின் சம்மதமோ சட்டப்படியான உத்தரவோ இல்லாமல் ட்ரோன் நிற்கக் கூடாது என்று ட்ரோன் விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும். விதி வரும்வரை, ஈஸ்மெண்ட் சட்டத்தின் 18-ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு மதுரைக் கிளைக்கு யாராவது ஒரு வீட்டுக்காரர் போக வேண்டும்.