ஒரே மடிக்கணினி, இருவேறு பிழைகள்

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் செஞ்சிப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. தமிழக அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த தொடக்ககால மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 7 ஸ்டார்டர். மற்றது டெபியனை அடித்தளமாகக் கொண்டு சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். மென்பொருள் நிறுவும்போது வரும் பிழைகளை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இணை அமையாது. பெட்டி ஒன்று, வன்தட்டு ஒன்று, பயன்படுத்தும் பிள்ளையும் ஒன்று.

தமிழ்99 விசைப்பலகையை எடுத்துக்கொள்வோம். விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் அல்லது இ-கலப்பை கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து இரண்டு முறை சொடுக்கினால் போதும். வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்த ஒரே கோப்புக்குள் இருக்கிறது. லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்ற தொகுப்புகளை இணையக் களஞ்சியத்திலிருந்து இறக்க வேண்டும். ஒவ்வொரு தொகுப்பும் வேறு சிலவற்றைக் கேட்கும். அவற்றையும் இணையமே தர வேண்டும்.

பிழை வரும்போது இந்த வேறுபாடு அப்படியே திரைக்கு வருகிறது. விண்டோஸ் பெரும்பாலும் எண்ணைக் காட்டும். 1603 என்றால், நிறுவல் எங்கோ தடுக்கி, செய்த மாற்றங்களைத் திரும்ப அழித்துவிட்டு வெளியேறியது என்றுதான் பொருள். அனுமதி இல்லாமல் இருக்கலாம், பழைய பதிப்பின் மிச்சம் இருக்கலாம், கோப்பு ஒன்று பூட்டிக் கிடக்கலாம். எது என்று எண் சொல்லாது. ஆனால் நிறுவல் பதிவில் அது இருக்கும். எம்எஸ்ஐ வகைக் கோப்பை விரிவான பதிவோடு ஓடவிட்டு, அந்தப் பதிவில் 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்ற இடத்தைத் தேடி, அதற்குச் சற்று மேலே உள்ள வரிகளைப் படித்தால் காரணம் பெரும்பாலும் அகப்படும். கடைகளில் இதைப் படிப்பவர்கள் குறைவு. "எரர் அடிக்குதா, ஃபார்மேட் அடிச்சிடலாம்" என்பதே வழக்கமான தீர்ப்பு. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஒரு பிள்ளையின் இரண்டாண்டுக் குறிப்புகளும் படங்களும் அந்த ஒரு சொல்லில் போய்விடுகின்றன.

லினக்ஸ் பெரும்பாலும் எண் சொல்வதில்லை. இந்தத் தொகுப்புக்கு இன்ன பெயருள்ள தொகுப்பு, இந்தப் பதிப்பு அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும், அது இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டும். பாதியில் நின்றதை ஒழுங்குபடுத்தவும் தனிக் கட்டளை உண்டு. படித்தால் புரியும் பிழை என்பதில் லினக்ஸே மேல் என்பது என் முடிவு. ஆனால் செஞ்சியில் அந்த மேன்மை பலருக்குப் பயன்படவில்லை. இல்லாத தொகுப்பின் பெயர் தெரிந்தும், அதை இறக்க வீட்டில் இணையம் இல்லையென்றால் என்ன செய்வது? சுற்று ஊர்களான வளத்தியிலிருந்தோ ஆலம்பூண்டியிலிருந்தோ வரும் மாணவிக்கு, பேருந்து நிலையத்துப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் விண்டோஸ் கோப்புதான் கைக்கெட்டியது. உள்ளேயே நெற்களஞ்சியமும் நீரும் வைத்து முகலாயர் முற்றுகையை ஆண்டுக்கணக்கில் தாங்கிய செஞ்சிக் கோட்டையின் ராஜகிரியைப் போன்றது தன் தேவையைத் தானே சுமந்துவரும் நிறுவல் கோப்பு. வழி அடைபட்டாலும் அது பிழைத்துக்கொள்ளும்.

எல்லா நேரமும் அல்ல. விஷுவல் சி++ துணைநிரல் இல்லாமல் வந்த மென்பொருள், எம்எஸ்விசிபி140 என்ற டிஎல்எல் கோப்பைக் காணவில்லை என்று நின்றுவிடும். இங்கே விண்டோஸும் பெயரைத்தான் சொல்கிறது. ஆனாலும் பலர் அந்த ஒரு கோப்பை மட்டும் முன்பின் தெரியாத தளத்திலிருந்து இறக்கி ஒட்டுகிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. மைக்ரோசாஃப்ட் தரும் முழுத் துணைநிரலை நிறுவுவதுதான் வழி. விண்டோஸ் 7 என்றால் அதற்கு முன்பே சர்வீஸ் பேக் 1 இருக்க வேண்டும்.

ஸ்டார்டர் பதிப்பு 32 பிட் மட்டுமே. 64 பிட் மென்பொருளைக் கொடுத்தால் இந்த விண்டோஸுக்கு அது பொருந்தாது என்று மறுக்கும். பின்புலப் படத்தைக்கூட மாற்ற முடியாத அந்தப் பதிப்பை நீக்கிவிட்டு, உரிமமில்லாத வேறு விண்டோஸை ஏற்றியவர்கள் ஏராளம். அதோடு பாஸ் லினக்ஸ் இருந்த பகுதியும் அழிந்தது. உரிமம் பிடிபடாமல் இருக்கப் புதுப்பித்தலை நிறுத்திவைத்தார்கள். அதன் விளைவு பின்னால் தெரிந்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் எஸ்எச்ஏ-2 கையொப்பத்துக்கு மாறியபோது, அதற்கான புதுப்பிப்பு இல்லாத கணினிகள் அதன்பின் வந்த புதுப்பிப்புகளை ஏற்க மறுத்தன. 2020 ஜனவரி 14-இல் விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவும் முடிந்தது. லினக்ஸ் பக்கமும் மூப்பு இப்படித்தான் வருகிறது. பழைய பதிப்பின் களஞ்சியம் முகவரி மாறினாலோ மூடப்பட்டாலோ 404 என்ற எண் வரும்.

இரண்டும் ஒன்றுபோலவே தடுமாறும் இடங்களும் உண்டு. ஒரு நிறுவல் நடக்கும்போதே இன்னொன்றைத் தொடங்கினால் விண்டோஸ் 1618 என்கிறது. லினக்ஸ் பூட்டு கிடைக்கவில்லை என்கிறது. இரண்டிலும் முதலில் காத்திருப்பதே மருந்து. தாய்ப்பலகையின் சிறு பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டு பின்னுக்குப் போயிருந்தால், விண்டோஸில் சான்றிதழ் பிழை வரும். புதிய லினக்ஸ் பதிப்புகளில் களஞ்சியப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று வரும். பழைய மடிக்கணினி எதைத் தொட்டாலும் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

லினக்ஸுக்கு இணையம் வேண்டும் என்ற தடையையும் ஓரளவு கடக்கலாம். அது இறக்கிய தொகுப்புகளைத் தன் கேஷ் அடைவில் பெரும்பாலும் சேமித்து வைக்கிறது. அதே பதிப்பும் அதே பிட் வகையும் உள்ள இன்னொரு கணினிக்கு அவற்றைப் பென் டிரைவில் கொண்டுபோய் நிறுவலாம். கடைக்காரர் ஒருமுறை இறக்கி வைத்தால், இணையமில்லாத பல வீடுகளுக்கு அது போதும்.