நூறு நாள் கொழுந்துக்கு ஒரு புட்டர்: விலை கொடுத்தால் பந்து குழிக்குள் போகுமா?

எல்லயில் கோல்ப் மைதானம் இல்லை. இங்கே சரிவு முழுவதும் தேயிலை. மிச்சமிருக்கிற தட்டையான நிலத்தில் ஹோட்டல்களும் ஹோம்ஸ்டேகளும் வந்துவிட்டன. ஆனாலும் கோல்ப் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. நான் இளவயதில் ஆறு வருடம் நுவரெலியாவில் கெடி வேலை பார்த்தேன். ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து, தூரம் சொல்லி, சரிவு சொல்லிக் கொடுக்கிற வேலை. இப்போது அக்காவின் மகன் அதே வேலையில் இருக்கிறான். நான் எல்லயில் வெளிநாட்டுக்காரர்களை மலையேற்றிப் பிழைக்கிறேன்.

இந்த வருடச் சித்திரை சீசன் முடிந்து வீட்டுக்கு வந்தவன் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பளபளவென்று ஒரு புட்டர். விலை 450 டொலர்.

"மாமா, இத வாங்கினா நான் போட்டிக்குப் போகலாமா?"

டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தாலும் 1,35,000 ரூபாய். அனுப்புகிற செலவும் வரியும் தனி. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என வர்த்தமானியில் வந்தது. வகுத்துப் பார்த்தால் சரியாக நூறு நாள். அவனுடைய அம்மா ஒரு நாளும் தவறாமல், ஒரு நாளும் அரைப் பேர் ஆகாமல், நூறு நாள் கொழுந்து எடுத்தால் அந்தப் புட்டர். வீட்டுக் கூரைத் தகரம் மாற்றுவதற்கென்று அவன் சேர்த்து வைத்திருந்த பணமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

உடனே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேள்வி நியாயமானது. ஆகவே எனக்குத் தெரிந்ததையும் தேடிப் படித்ததையும் இங்கே வைக்கிறேன்.

புட்டரின் வேலை

கோல்ப் விதிப்படி ஓர் ஆட்டக்காரர் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். அவற்றில் ஒன்று புட்டர். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்குக் கிரீன் என்று பெயர். அங்கே பந்தை உருட்டுவதற்கான மட்டை இது. குழியின் விட்டம் நாலேகால் அங்குலம்.

18 குழி கொண்ட, பார் 72 மைதானத்தில் ஒவ்வொரு கிரீனிலும் இரண்டு உருட்டு என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அதாவது 36 அடி, மொத்தத்தில் பாதி. புட்டர் விற்கிறவர்கள் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான். பாதி ஆட்டம் இந்த ஒரு மட்டையில் என்றால் அதற்குத்தானே அதிகப் பணம் போட வேண்டும்?

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ப்ரோடி இந்தக் கணக்கை வேறு விதமாகப் பார்த்தார். தொழில்முறை வீரர்களின் ஒவ்வொரு அடியையும் அளந்து வைத்த தரவுகளை ஆராய்ந்து 2014இல் புத்தகமாக வெளியிட்டார். முன்னணி வீரர்கள் மற்றவர்களை விட அடிகளை மிச்சம்பிடிப்பதில் புட்டிங்கின் பங்கு ஏறக்குறைய 15 சதவீதம்தான் என்று கண்டார். மீதி தூர அடியிலும், கிரீனுக்கு அருகே பந்தைக் கொண்டுபோய் வைப்பதிலும் இருக்கிறது.

அவருடைய இன்னொரு கணக்கு ஆறுதல் தரக்கூடியது. உலகின் சிறந்த தொழில்முறை வீரர்களே 8 அடி தூரத்திலிருந்து நூற்றுக்கு 50 தடவைதான் குழிக்குள் போடுகிறார்கள். 20 அடியிலிருந்து நூற்றுக்கு 15 தடவை. விலையுயர்ந்த மட்டைகள் அத்தனையும் இலவசமாகக் கிடைக்கிறவர்களின் கதை இது.

விலை எங்கிருந்து வருகிறது

இன்றைக்கு அதிக விலைக்குப் போகிற பல புட்டர்களின் வடிவம் ஒரே மூலத்திலிருந்து வந்தது. நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், 1959இல் தன் வீட்டுக் கராஜில் ஒரு புட்டர் செய்தார். எடையை நடுவிலிருந்து எடுத்து இரண்டு ஓரங்களுக்கும் கொண்டுபோனார். பந்து நடுவில் படாமல் சற்று விலகிப் பட்டாலும் மட்டை குறைவாகவே திரும்பும் என்பது அவருடைய கணக்கு. பந்தில் பட்டபோது 'பிங்' என்று சத்தம் வந்தது. அதுவே நிறுவனத்தின் பெயராயிற்று. 1966இல் அவர் கொண்டுவந்த 'ஆன்சர்' என்ற வடிவத்தைப் பிற்காலத்தில் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் பின்பற்றின. டைகர் வுட்ஸ் தன் 15 பெரும் பட்டங்களில் 14ஐ வென்ற ஸ்கொட்டி கமரூன் புட்டரும் அதே குடும்பம்தான்.

ஆக, எடைப் பங்கீடு என்ற உண்மையான கண்டுபிடிப்பு இன்று மலிவான புட்டரிலும் இருக்கிறது. விலை கூடியதில் மேலதிகமாக இருப்பவை எவை? உருக்கி வார்க்காமல் ஒரே இரும்புக் கட்டியிலிருந்து இயந்திரத்தால் செதுக்கிய தலை, நுணுக்கமான மேற்பூச்சு, நல்ல பிடி, பெயர். பெயருக்கு எவ்வளவு விலை என்பதற்கு ஓர் உதாரணம்: வுட்ஸின் மாற்றுப் புட்டர் ஒன்று 3,90,000 டொலருக்கு மேல் ஏலம் போனது. அதை வாங்கியவர் அதனால் வுட்ஸ் ஆகிவிட மாட்டார்.

பணம் எதை வாங்கும்

ஒன்றுமே வாங்காது என்று சொன்னால் அது பொய். நன்றாகச் செய்த மட்டையில் பந்து பட்டதைக் கை உணரும், காது கேட்கும். எவ்வளவு வேகமாக உருட்டினோம் என்பது அதில் தெரியும். 2025 யூ.எஸ். ஓப்பனில் ஜே.ஜே. ஸ்பாவுன் கடைசிக் குழியில் 64 அடியிலிருந்து உருட்டி வென்றபோது அவர் கையில் இருந்தது முகம் திரும்பாதபடி எடை சமன் செய்த, விலை கூடிய புதுவகைப் புட்டர். மட்டையின் மேல் நம்பிக்கை இருந்தால் கை நடுங்காது. அதுவும் ஒரு பலன்தான்.

ஆனால் 1930இல் பொபி ஜோன்ஸ் ஒரே வருடத்தில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்றது மரத்தண்டு போட்ட ஒரு சாதாரணப் பட்டைப் புட்டரால் என்பதையும் மறக்கக் கூடாது.

பணம் எதை வாங்காது

பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, படுகிற நொடியில் மட்டையின் முகம் பார்க்கிற திசைதான். 10 அடி தூரத்தில் முகம் ஒரு பாகை மட்டும் திரும்பியிருந்தால் பந்து இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் விலகும். குழியின் நடுவிலிருந்து விளிம்புக்கும் அவ்வளவுதான் தூரம். அந்த ஒரு பாகையைத் திருத்துவது கையும் பயிற்சியும். சரிவைப் படிப்பது கண். கவ்வாத்து வெட்டுகிறவர்களிடம் கேளுங்கள். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். ஆனால் எந்தக் கிளையை எந்த உயரத்தில் வெட்டுவது என்று கத்திக்குத் தெரியாது.

நாங்கள் பார்த்த சோதனை

எல்லயிலிருந்து நானுஓயாவுக்கு ரயிலேறினேன். மருமகனுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் அதே ரகப் புட்டரை ஒரு மாலைக்கு இரவல் தந்தார். கூட்டம் குறைந்த பிறகு பயிற்சிக் கிரீனில் மூன்று எட்டு தூரத்திலிருந்து ஐம்பது பந்து அவனுடைய பழைய புட்டரால், ஐம்பது பந்து புதியதால். பழையதில் இருபத்து மூன்று விழுந்தது. புதியதில் இருபத்தைந்து. இரண்டு பந்து வித்தியாசத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மறுநாள் அது மாறியும் விழலாம்.

ஆனால் அவன் நிற்பதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அவனுடைய பழைய புட்டர் நெட்டையான ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுப்போனது. நீளம் 35 அங்குலம். இவன் என்னைப் போலக் குள்ளம். பிடியின் நுனி வயிற்றில் இடிக்கிறது, தலையின் முன்முனை தரையிலிருந்து எழும்பி நிற்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். சில நேரம் கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருக்கிறது.

பிடியைக் கழற்றி, தண்டில் இரண்டு அங்குலம் வெட்டி, புதுப் பிடி போட்டோம். நீளம் குறைந்தால் தலை எடை குறைந்ததுபோலத் தோன்றும். அதற்குத் தலையின் அடியில் ஈய நாடா ஒட்டினோம். எல்லாமாக அம்மாவின் நான்கு நாள் சம்பளம்கூட ஆகவில்லை.

வாங்குவதாக இருந்தால்

முதலில் உங்கள் உயரத்துக்கு ஏற்ற நீளத்தைக் கண்டுபிடியுங்கள். பந்துக்கு நேர் மேலே கண் வருகிற மாதிரி, கை இயல்பாகத் தொங்குகிற மாதிரி நின்று அளக்க வேண்டும். இரண்டாவது, பந்து அடிக்கடி நடுவில் படாமல் போகிறவர்களுக்குப் பின்பக்கம் அகன்ற தலை உதவும். அது மலிவு விலையிலும் உண்டு. மூன்றாவது, பழைய புட்டர் தேய்ந்து கெடுவது அபூர்வம், ஆகவே இரண்டாம் கை தாராளமாக வாங்கலாம். ஆனால் பெயர்பெற்ற புட்டர்களுக்குப் போலி நிறைய உண்டு. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் நம்பாதீர்கள். நான்காவது, காசு உபரியாக இருந்து, அழகான பொருளைக் கையில் பிடிக்க ஆசை என்றால் வாங்குங்கள். அது ஆசைக்கான செலவு. ஆட்டத்துக்கான முதலீடு என்று உங்களையே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

மருமகனின் கனவு சின்னதல்ல. என். தங்கராஜா போன்ற இலங்கை வீரர் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் பட்டங்கள் வென்றிருக்கிறார் என்பதை அவன் மனப்பாடமாகச் சொல்வான். அவனுக்கு வேண்டியது விளையாட நேரம், பயிற்சிப் பந்து, போட்டிக்குப் போகிற பஸ் காசு, தவறைச் சொல்லித்தர ஒரு ஆள். நூறு நாள் சம்பளத்தில் இவற்றில் எவ்வளவோ வாங்கலாம்.

கூரைத் தகரம் ஆடி மழைக்கு முன் மாறிவிட்டது. வெட்டின புட்டரோடு அவன் தினமும் அந்தி நேரத்தில் நூறு பந்து உருட்டுகிறான். போன வாரம் தொலைபேசியில் கேட்டேன், "இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கிறியா?"

"பார்க்கிறேன் மாமா," என்றான். "ஆனா இப்ப விலையைப் பார்க்கிறதில்ல. பிடிச்சிருக்கிற ஆளோட கையத்தான் பார்க்கிறேன்."