அடைவுகடையும் தொலைக்காட்சியும்

அடைவுகடையின் வரலாறு ஏழையின் அவசரத்தின் வரலாறேயாகும். கொடுவட்டியிலிருந்து எளியோரைக் காக்கும் பொருட்டு, ஈட்டின்பேரில் குறைந்த வட்டிக்குக் கடன் வழங்கும் அறநிலையமொன்றை இத்தாலியின் பெருஜியா நகரில் 1462ஆம் ஆண்டு பிரான்சிஸ்கன் துறவிகள் தோற்றுவித்தனர்.

ஐந்தரை நூற்றாண்டுகள் கழிந்தன. 2009ஆம் ஆண்டில், பொருளாதார நெருக்கடியால் அமெரிக்கத் தொழிலாளர் பலர் வேலையிழந்து நின்ற வேளையில், லாஸ் வெகாஸ் நகரத்து அடைவுகடையொன்று ‘போன் ஸ்டார்ஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடராக அரங்கேறியது.

அங்கு நிகழும் பேரத்தை உற்றுநோக்குவோம். விற்க வந்தவரையே முதலில் விலை சொல்ல வைக்கிறார் கடைக்காரர். ஐயமெழுந்தால் நிபுணர் வரவழைக்கப்படுகிறார். அவர் மதிப்புரைத்ததும் விற்பவரின் முகம் மலர்கிறது. கடைக்காரரோ செலவையும் காத்திருப்பையும் இலாபத்தையும் காரணங்காட்டி, அம்மதிப்பிற் பாதியளவே தர முன்வருவதும் உண்டு.

இவ்வாதத்திற் பொய்யில்லை, வாணிபத்தின் இயல்பு அதுவே. ஆயினும் அடைவுத்தொழிலின் உயிர்நாடியான சிறுகடன் அங்கு பெரிதும் மறைந்துபோகிறது. விலை ஒவ்வாவிடின் எழுந்து செல்லக்கூடியவனே பேரம் பேசவல்லவன். நாளை வீட்டு வாடகை செலுத்தவேண்டியவன் எங்ஙனம் எழுந்து செல்வான்?

2010இல் தொடங்கிய ‘ஹார்ட்கோர் போன்’, நலிவுற்ற டெற்றோயிற் நகரத்து வாடிக்கையாளரைக் காட்டியது. அவர்தம் கோபத்தையும் கூச்சலையும் வேடிக்கையாக்கியது. 2013இல் அந்நகராட்சியே கடன் தீர்க்க வழியின்றி முறிவு கோரி நீதிமன்றம் சென்றது.

திரையிலே பேரம் படிந்து இருவர் கைகுலுக்கும்போது, அவர்களுள் எவருக்கு அன்று மாலைக்குள் பணம் தேவைப்பட்டது என்று நாம் கேட்போமாக.