பழைய உருக்குச் சைக்கிள்: இரும்பு விலைக்குக் கொடுக்குமுன்

வடக்கில் பல வீடுகளின் கோடிப்புறத்தில் இன்னும் ஒரு றலியோ ஹம்பரோ றட்ஜோ சாய்ந்து நிற்கிறது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் எரிபொருள் அரிதானபோது நோயாளியையும் விறகையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்தவை இந்தச் சைக்கிள்களே. மின்சாரம் இல்லாத இரவுகளில் இவற்றின் டைனமோவைச் சுற்றித்தான் மக்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்கள் இவற்றில் மூட்டைகளைக் கட்டி உருட்டிச் சென்றார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் கைவிடப்பட்டவை ஏராளம். இத்தனையையும் கடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு வண்டியைக் கிலோக் கணக்கில் விற்குமுன் அது எது, எப்படி மீட்கலாம் என்று அறிந்துகொள்வது நல்லது.

எந்த வண்டி?

பெயர்த்தகடு போயிருந்தாலும் பெடல் பொருந்தியுள்ள பற்சில்லு அடையாளம் சொல்லும். அதன் நடுவில் கொக்கின் தலைகள் வெட்டப்பட்டிருந்தால் றலி. கைகோத்து நிற்கும் ஐந்து மனித உருவங்கள் இருந்தால் ஹம்பர். விரித்த கை இருந்தால் றட்ஜ். மூன்றும் இங்கிலாந்தில் பிறந்தவை. நொட்டிங்காம் நகரின் றலி நிறுவனம் 1932இல் ஹம்பர் சைக்கிளையும் 1943இல் றட்ஜையும் தன்வசமாக்கியது. ஹம்பரின் முன்சில்லைத் தாங்கும் கவையில் பக்கத்துக்கு இரண்டு குழாய்கள் இருப்பது இன்னோர் அடையாளம்.

ஏன் உருக்கு?

இவற்றின் குழாய்கள் பொருத்துகளுக்குள் செருகப்பட்டுப் பித்தளையால் ஒட்டப்பட்டவை. வளைந்தால் பெரும்பாலும் நிமிர்த்தலாம், உடைந்தால் தேர்ந்த கையால் மீண்டும் ஒட்டலாம். அலுமினியச் சட்டத்துக்கு இது எளிதில் வாய்க்காது. உருக்கின் எதிரி கறள்தான். அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் குழாயின் உள்ளே பிடிக்கும் கறள்.

எங்கே தொடங்குவது?

முதலில் சீற்றின் தண்டை வெளியே எடுங்கள். இறுகியிருந்தால் எண்ணெய் விட்டுச் சில நாட்கள் பொறுங்கள். பிறகு வண்டியைக் கவிழ்த்து உள்ளே தேங்கிய நீரையும் மண்ணையும் கொட்டிவிட்டு, குழாய்க்குள் எண்ணெய் ஊற்றிச் சுழற்றுங்கள்.

பெடல் தண்டைப் பிடித்திருக்கும் கொட்டர் பின்னைக் கழற்றும்போது நட்டைப் பின்னின் நுனிவரை மட்டும் தளர்த்துங்கள். தண்டின் கீழே இரும்புத் துண்டை முட்டுக்கொடுத்த பின்பே தட்டவேண்டும். இல்லையெனில் புரி நசுங்கும், உள்ளே இருக்கும் குண்டுகளின் தடமும் பழுதாகும்.

நொட்டிங்காம் றலி வண்டிகள் பலவற்றில் பெடல் அச்சுக் கிண்ணத்தின் புரி அங்குலத்துக்கு 26. வழக்கமான கிண்ணத்தில் 24. புதியதை வலிந்து திருகினால் சட்டமே கெடும். ஆகவே பழைய கிண்ணத்தை எறியாதீர்கள்.

பளபளப்பு மங்கிய ஹாண்டிலை அலுமினியத் தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் மேற்கறள் போய்விடும். கம்பி பிறேக் கட்டைகள் றிம்மின் உட்பக்கத்தை அழுத்துபவை. அந்த இடத்தையும் துப்புரவாக்குங்கள். மழையில் உருக்கு றிம் எளிதில் பிடிக்காது என்பதையும் மறக்கவேண்டாம்.

எதை விட்டுவைப்பது?

புதிதாய் வண்ணம் பூசுவது எளிது. ஆனால் பூசினால் பழைய எழுத்துகளும் பொற்கோடுகளும் திரும்பி வரமாட்டா. மென்மையான சவர்க்கார நீரால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசினால் போதும். சுமைக்காக ஒட்டிப் பெருப்பித்த கரியர், ஷெல் சிதறல் துளைத்த மட்காட், கிடைத்த கம்பியால் கட்டிய கட்டு ஆகியவற்றைப் பிழையென்று திருத்தவேண்டியதில்லை. அந்த வண்டி வந்த வழி அவற்றில்தான் இருக்கிறது. சட்டத்திலோ கவையிலோ துளையும் வெடிப்பும் இருந்தால் மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது. ஒட்டாமல், மாற்றாமல் அதில் ஏறவேண்டாம். கழற்றிய பாகத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

சீற் தண்டுக்கு அருகிலோ பெடல் அச்சின் அடியிலோ சட்ட இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். யார் வாங்கியது, எந்த இடப்பெயர்வில் யாரை ஏற்றியது என்று வீட்டில் மூத்தவரிடம் கேட்டு அதன் கீழேயே எழுதுங்கள். ரயரும் ரியூப்பும் கடையில் வாங்கலாம். அந்த விவரம் சொல்ல இன்றைக்கு இருப்பவர் நாளைக்கு இல்லாமற் போகலாம்.