எல்.இ.டி. சுற்றில் ரெசிஸ்டரின் வாட் அளவு

எல்.இ.டி.யோடு தொடராக இணைக்கும் ரெசிஸ்டருக்கு (மின்தடையம்) இரண்டு அளவுகள் உண்டு. ஓம் அளவு விளக்கில் பாயும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. அப்போது எழும் வெப்பத்தை ரெசிஸ்டர் தாங்குமா என்பதை வாட் அளவு சொல்கிறது. ஓம் சரியாக இருந்தும் ரெசிஸ்டர் கருகினால், கவனிக்காமல் விட்டது வாட்டைத்தான்.

எரியும் சிவப்பு எல்.இ.டி.யின் முனைகளுக்கிடையே ஏறத்தாழ 2 வோல்ட் இருக்கும். வெள்ளையிலும் நீலத்திலும் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல். வழங்கும் மின்னழுத்தத்தில் மீதி அத்தனையும் ரெசிஸ்டரின் மேல் விழுகிறது. அந்த மீதியை மின்னோட்டத்தால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட். 5 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி.க்கு 20 மில்லிஆம்பியர் தர 150 ஓம் தேவை, வெப்பம் 0.06 வாட்தான். சாதாரணக் கால் வாட் ரெசிஸ்டர் தாராளம்.

வண்டிகளில் கதை வேறு. 12 வோல்ட் என்று கணக்கிட்டால் மீதி 10 வோல்ட்; 500 ஓம் வருகிறது. கடையில் எளிதில் கிடைக்கும் அடுத்த அளவு 560 ஓம். அதில் எழும் வெப்பம் 0.18 வாட், கால் வாட் போதும் என்றே தோன்றும். ஆனால் எஞ்சின் ஓடி பேட்டரி சார்ஜ் ஆகும்போது மின்னழுத்தம் 14.4 வோல்ட் வரை ஏறும். ரெசிஸ்டரின் மேல் 12.4 வோல்ட் விழுந்து, வெப்பம் 0.27 வாட்டைத் தாண்டுகிறது. வண்டியின் மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூட, வெப்பம் ஒன்றரை மடங்காகிவிட்டது. ரெசிஸ்டரின் மேல் விழும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு வெப்பம் ஏறுவதே காரணம். எனவே சுற்றுக்கு வரக்கூடிய உச்ச மின்னழுத்தத்தை வைத்துக் கணக்கிட்டு, கிடைத்த வாட்டைப் போல் இரு மடங்கு தாங்கும் ரெசிஸ்டரை வாங்க வேண்டும். இங்கே அது அரை வாட்டுக்கும் சற்று மேல் வருவதால் 1 வாட் எடுப்பதே நல்லது.

இரு மடங்கு என்பது வீண் செலவு அல்ல. கார்பன் ஃபிலிம், மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களின் வாட் அளவு பொதுவாகச் சுற்றுப்புறம் 70 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போதுதான் முழுமையாகப் பொருந்தும். அதற்குமேல் தாங்குதிறன் படிப்படியாகக் குறையும். காற்றோட்டமில்லாத விளக்குக் கூட்டுக்குள் அந்தச் சூடு அரிதல்ல.

வெப்பத்தைக் குறைக்க இன்னொரு வழி, மூன்று சிவப்பு எல்.இ.டி.களைத் தொடராக இணைப்பது. அப்போது 470 ஓம் போதும், 14.4 வோல்ட்டிலும் வெப்பம் 0.15 வாட்தான்.

350 மில்லிஆம்பியர் கேட்கும் 1 வாட் வெள்ளை எல்.இ.டி. ஒன்றை 12 வோல்ட்டில் ரெசிஸ்டர் வைத்து எரித்தால், ரெசிஸ்டரே சுமார் 3 வாட்டை வெப்பமாக்கும். விளக்கு எடுப்பதோ ஏறத்தாழ 1.1 வாட். அதற்கு ரெசிஸ்டர் பொருந்தாது. மாறா மின்னோட்ட டிரைவரே வேண்டும்.