பத்தில் சேராதவர்கள்

பினாங்கு நாகூர் சாலையில் 28ஆம் எண் கட்டடம் 1929 முதல் யூதர்களின் ஜெப ஆலயமாக இருந்தது. 1976இல் மூடிவிட்டார்கள். யாரும் இடிக்கவில்லை, தடை போடவில்லை. பத்து பேர் சேரவில்லை, அவ்வளவுதான். யூத மரபில் கூட்டு வழிபாட்டுக்குக் குறைந்தது பத்து ஆண்கள் வேண்டும், 13 வயது நிரம்பியவர்கள். இதற்கு மின்யான் என்று பெயர். ஒன்பது பேர் இருந்தால் அவரவர் தனியாக ஜெபித்துக்கொள்ளலாம். தோரா சுருளை எடுத்துச் சபையில் வாசிக்க முடியாது, செத்தவர்களுக்காகக் காதிஷ் சொல்ல முடியாது.

பொறியியல் படித்தவனுக்கு இப்படிப்பட்ட விதி உடனே புரிந்துவிடும். பத்து இருந்தா ஓடும், ஒன்பதுன்னா நின்னுடும். ஆனால் நாகூர் சாலையில் தொடங்கிய தேடல் கொச்சிக்குப் போனபோது வேறு ஒரு கேள்வி வந்தது. இந்தப் பத்தில் என்றைக்குமே எண்ணப்படாதவர்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. நம் ஊரில் பரதேசி என்றால் அடிக்க வருவார்கள். அங்கே அதற்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று அர்த்தம். ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கமிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்களும், பிறகு வந்து சேர்ந்தவர்களும் கட்டியது. தரையில் சீனாவிலிருந்து வந்த நீலம் வெள்ளை ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. மலபார் யூதர்கள் இவர்களுக்கு முன்பிருந்தே கேரளத்தில் இருந்தவர்கள். இவர்கள் அவர்களோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளவில்லை. அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வாரிசுகள் இதே ஜெப ஆலயத்துக்குத்தான் வந்தார்கள், ஆனால் மற்றவர்களோடு பெஞ்சில் உட்காரக் கூடாது. சாதி என்ற சொல்லைச் சொல்லாமலே சாதி நடந்தது.

அந்த வாரிசுகளில் ஒருவர் ஏ.பி. சேலம் (1882–1967). சென்னையில் படித்து வக்கீல் ஆனவர், காந்தியைப் பின்பற்றியவர். வெளியே கற்றதை ஜெப ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். தனக்கு ஒதுக்கிய இடத்தில் அடங்கி இருக்காமல் சத்தியாகிரகம் செய்தார். கட்டுப்பாடுகள் மெல்ல மெல்லத்தான் தளர்ந்தன. இன்று ஜெப ஆலயம் இருக்கும் தெருவுக்கே அவர் பெயர். பாதி வரலாற்றில் இப்படித்தான் நடக்கிறது, உட்கார இடம் கொடுக்காதவனுக்குப் பிறகு தெருவையே கொடுத்துவிடுகிறார்கள்.

பெண்கள் கதை வேறு மாதிரி. கேரள ஜெப ஆலயங்களில் மாடியிலும் ஒரு வாசிப்பு மேடை உண்டு, பெண்கள் உட்காரும் பகுதிக்கு நேர் முன்னால். தோரா வாசிப்பு அவர்கள் காதுக்கு அவ்வளவு பக்கத்தில் நடந்தது. எண்ணிக்கையில் மட்டும் சேர்க்கவில்லை. அவர்கள் தங்கள் சரக்கைத் தனியாக வைத்திருந்தார்கள்: மலையாளத்தில் நூற்றுக்கணக்கான பாட்டுகள். கல்யாணப் பாட்டு, வேதாகமக் கதைப் பாட்டு என்று நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்து, பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போனவை. இஸ்ரேலுக்குப் போன பெட்டிகளில் அந்த நோட்டுகளும் போயின.

ஆமாம், போய்விட்டார்கள். இஸ்ரேல் உருவானபோது கொச்சி யூதர்கள் சுமார் 2,400 பேர். 1950களின் நடுவில் பெரும்பாலோர் கிளம்பினார்கள். பரதேசிகள் கொஞ்சம் தாமதமாக, குடும்பம் குடும்பமாக. மிச்சம் இருந்தது வயதானவர்கள். பத்து பேர் சேர வேண்டுமென்றால் சுற்றுலா வந்த யூதர்களையும் கூப்பிட்டுக்கொள்ள வேண்டிய நிலை.

இந்தத் தெருவுக்கு 1980களில் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம் பையன் வந்தான். படிப்பை விட்டுவிட்டு சுற்றுலாப் பயணிகளிடம் சாமான் விற்கிற பையன். பொருள்களை வைக்க இடம் கிடைக்காத ஒரு நாளில் ஜேக்கப் கோஹன் தன் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் மனைவி சாராவுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. சாரா ஆண்ட்டி யூத ஆண்கள் தலையில் வைக்கும் கிப்பா, ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணி எல்லாம் கையால் தைத்து விற்பவர். பையன் தையலில் கைகொடுக்கத் தொடங்கினான். அங்கேதான் இருவருக்கும் ஒத்துப்போனது. அவர் கற்றுக்கொடுத்தார், அவன் கற்றுக்கொண்டான். கோஹன் தம்பதிக்குப் பிள்ளைகள் இல்லை. ஜேக்கப் 1999இல் இறந்தார். அதற்கு முன் சாராவைப் பார்த்துக்கொள்ளும்படி தன்னிடம் கேட்டுக்கொண்டதாகத் தாஹா சொல்லிவந்திருக்கிறார். பார்த்துக்கொண்டார், இருபது வருஷம்.

இதை மதநல்லிணக்கப் போஸ்டர் ஆக்கிவிடுவது ரொம்ப சுலபம். அப்படி ஆக்கியும் விட்டார்கள். போஸ்டரில் ஊசியும் நூலும் விட்டுப்போய்விடுகின்றன. ஒரு கிழவிக்கு வேண்டியது கண் மங்கிய பிறகு நூல் கோத்துத் தர ஒரு ஆள், கடையைத் திறந்து மூட ஒரு ஆள், பழைய கதையைப் பத்தாவது தடவை கேட்க ஒரு ஆள். அன்பு எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் மசூதிக்குப் போகிற மனுஷன் அன்று சாயங்காலம் ஓய்வுநாளுக்காக விளக்கேற்றுகிறார், சனிக்கிழமை கடை திறப்பதில்லை. எந்த மின்யானிலும் அவரை எண்ண முடியாது. அவருக்கு அந்த மரபைக் கையில் கொடுத்த சாராவையும் எண்ண முடியாது.

இங்கே பினாங்கிலும் ஒரு யூதக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சாலைக்கு முன்பு யூதர் சாலை என்றே பெயர், இப்போது ஜாலான் ஸைனல் அபிடின். அங்கே கல்லறைகளைப் பராமரித்துவருவது ஒரு இந்துக் குடும்பம். அவர்களுக்கும் சாரா மாதிரி ஒரு ஆண்ட்டி இருந்திருப்பாரா என்று தேட வேண்டும். அந்தக் குடும்பத்தின் பக்கத்துக் கதையை நம் ஆட்கள் யாராவது தமிழில் உட்கார்ந்து கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

சாரா கோஹன் 2019 ஆகஸ்ட் 30 அன்று இறந்தார். வயது 96. 2024 ஆகஸ்டில் குவீனி ஹலேகுவாவும் போனார். பரதேசிப் பெண்களில் கடைசியானவர் அவர்தான். ஜெப ஆலயத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அதே தெருவில் சாராவின் பெயர்ப்பலகை தொங்கும் கடையைத் தாண்டித்தான் போகிறார்கள். சாரா போன பிறகும் அந்தக் கடையில் கிப்பா தைத்தார்கள், தாஹாவும் அவர் மனைவியும்.